வெள்ளைப் புள்ளி என்ற ஒரு பெயரும் நான்கு உயிர்களும்

புகார்

“டீச்சர், தொட்டி முழுக்க வெள்ளைப் புள்ளி வந்துவிட்டது. மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனை மூடி ஊற்றலாம் என்று மட்டும் வந்து பார்த்துச் சொல்லுங்கள்.”

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்த அழைப்பு இது. அழைத்தவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் அறிவியல் படித்தவர். இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கிறார். அம்மாவோடு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் குடியிருக்கிறார். ஈப்போவில் ஒருவர் வீடு மாறும்போது விற்ற கடல்நீர்த் தொட்டியை, பாறை, மணல், பவளம், மீன் என்று குடும்பத்தோடு வாங்கி வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

மருந்துப் புட்டியின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். காப்பர் சல்பேட். நம் வீட்டுப் பெரியவர்கள் மயில்துத்தம் என்பார்களே, அதேதான். “மூடியைத் திறக்காதே தம்பி, நான் வருகிறேன்” என்று சொல்லிவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், டார்ச், வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டி, ஊசி கழற்றிய சிரிஞ்சு, ஒரு மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத்தாள், இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நடந்தது எளிது. தம்பி கடைக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். “வெள்ளைப் புள்ளி” என்றிருக்கிறார். மீன் வளர்ப்பவர்கள் நடுவில் வெள்ளைப் புள்ளி என்றால் அது ஒரு நோயின் பெயர்: கடல் மீனின் தோலில் உப்புத் தூவியதுபோல் வரும் ஒட்டுண்ணி நோய், கிரிப்டோகாரியான் என்ற ஒற்றைச் செல் உயிரால் வருவது. அதற்குச் செம்பு மருந்து உண்டு. கடைக்காரர் கேட்டது நோயின் பெயர், கொடுத்தது அந்த நோயின் மருந்து. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தம்பி சொன்ன புள்ளிகள் மீன்மேல் இல்லை, கண்ணாடியில் இருந்தன. மீனுக்கு மருந்தாகும் செம்பு, முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு. நத்தை, இறால், பவளம், குழாய்ப் புழு எல்லாம் சாகும். சுண்ணாம்புப் பாறை செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியவிடும். பவளம் வளர்க்கும் தொட்டிக்குள் செம்பு போனால் அந்தத் தொட்டியின் கதை அன்றோடு முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பகலில் பார்த்தது

மூன்றடித் தொட்டி. பாறையும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர் இருக்கும். இரண்டு கோமாளி மீன்கள், காளான் பவளம் கொஞ்சம், பொத்தான் பவளம் ஒரு கொத்து, தோல் பவளம் ஒன்று, பாசி தின்ன ட்ரோக்கஸ் நத்தைகள். கடல் பார்க்க லுமுட் பக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் காரோட்டிப் போக வேண்டிய ஊரில், வரவேற்பறைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் கடல் இருந்தது. வெப்பம் 27 பாகை. மேல்மூடியைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை வைத்திருந்தார்கள். நம் ஊர் வெக்கையில் அது சரியான யோசனை, ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் ஊற்றினால்.

தம்பி காட்டிய இடத்தில் முன்கண்ணாடியில் நூற்றுக்கணக்கில் வெள்ளைத் துகள்கள். லென்ஸ் எதற்கு, வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. முதல் கேள்வி, நகர்கிறதா? கண்ணாடியில் ஒரு துகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டேன். இரண்டாவது துகளுக்கும் போட்டேன். தம்பியின் அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்து பார்த்தால், முதல் வட்டம் காலி. இரண்டாவது வட்டத்துக்குள் துகள் அப்படியே இருந்தது. ஆக, ஒரே பெயரில் குறைந்தது இரண்டு பேர்.

நகர்ந்ததைச் சிரிஞ்சால் உறிஞ்சி, கரண்டியில் விட்டு, கரண்டியை வரைபடத்தாள்மேல் வைத்தேன். நீளம் ஒரு கட்டத்தில் முக்கால். லென்ஸுக்குக் கீழே கண்ணீர்த்துளி வடிவம்: முன்பக்கம் அகன்று, பின்னால் ஒடுங்கி, வால்நுனியில் இரண்டு மயிர். நெற்றியில் ஒரே ஒரு சிவந்த கண். கொம்புகள் குட்டையானவை. ஓர் அங்குலம் வழுக்கிப் போய், சட்டென்று நின்று, திடீரென்று துள்ளி வேறு பக்கம் திரும்பியது. ஒன்றின் அடிவயிற்றில் முட்டைப்பை தொங்கியது. கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலி. அதிலும் தரையில் ஊர்ந்து திரியும் ஹார்ப்பாக்டிகாய்டு வகை. முட்டையிலிருந்து வந்து ஆறு குஞ்சு நிலை, அதன்பின் ஐந்து இளம்பருவ நிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டை உரித்து வளர்ந்தவை இவை. கண்ணாடியில் படிந்த பழுப்புப் பாசியை மேய்ந்துகொண்டிருந்தன. தொட்டி இடம் மாறியதும் பழுப்புப் பாசி பெருகும், பாசி பெருகியதும் மேய்கிறவை பெருகும். மாண்டரின் மீன் வளர்ப்பவர்கள் மீனுக்குத் தீனியாக இதைக் காசு கொடுத்துப் புட்டியில் வாங்குகிறார்கள் என்று சொன்னேன். தம்பியின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நகராதவை வேறு கதை. வெள்ளைச் சுண்ணாம்புச் சுருள்கள், இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை, கண்ணாடியோடு ஒட்டிய குட்டி ஜிலேபிபோல. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சுருளைப் பார்த்ததும் நத்தை என்கிறார்கள். சுருள் நத்தைக்கு மட்டும் சொந்தமான வடிவம் இல்லை. டார்ச்சை அணைத்து, மூச்சுக்காற்றுகூடக் கண்ணாடியில் படாமல் நான்கு நிமிடம் காத்திருந்தபோது, ஒரு சுருளின் வாயிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இறகுக் கிரீடம் ஒன்று விரிந்தது. விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டினேன். கிரீடம் உள்ளே போய்விட்டது. ஸ்பைரோர்பிட் புழு. தண்ணீரில் மிதப்பதை வடிகட்டித் தின்று வாழ்கிறது. யாருக்கும் கெடுதல் இல்லை. இதே இடத்தில் இறகுக்குப் பதிலாகக் கோழை நூல் வலை வந்திருந்தால் அது வெர்மெட்டிட், குழாயில் வாழும் உண்மையான நத்தை; அதன் வலை பவளங்களை எரிச்சலூட்டும். இறகா, நூலா என்று பார்க்க நான்கு நிமிடப் பொறுமை போதும்.

மூன்றாவதை நான்தான் தேடிப் பிடித்தேன். பின்புற வடிகட்டியின் இருட்டில், பம்பு வாயருகே, வெள்ளைப் பொரி ஒட்டியதுபோல் ஏழெட்டு. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஊசிமுள் வட்டம். சைக்கான் கடற்பஞ்சு. நிழலும் நீரோட்டமும் உள்ள இடத்தில் வரும், போகும். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

தம்பியின் பெரிய பயம் இரத்தம் குடிக்கும் பூச்சி. அந்தப் பயம் ஆதாரமில்லாதது அல்ல. சிரோலானிட் என்ற ஐசோபாட் (இறாலுக்கு உறவான ஓட்டுடலி) மீன்மேல் தொற்றிக் குடிக்கக் கூடியது. அதனால் பாறை இடுக்கில் ஓடிய இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். இதற்கு ஒரு கைவிதி உண்டு: இரு பக்கமும் அழுத்தி நசுக்கியதுபோல் ஒடுங்கி, காற்புள்ளிபோல் வளைந்திருந்தால் ஆம்பிபாட், மேலிருந்து அழுத்தித் தட்டையாக்கியதுபோல் இருந்தால் ஐசோபாட். ஐசோபாட்டிலும் எல்லாம் குடிப்பவை அல்ல. பெரிய கண்ணும் வேகமான நீச்சலும் இருந்தால்தான் கவலை. பிடித்த இரண்டும் காற்புள்ளிகள். மீன்களின் உடலில் ஒரு காயமும் இல்லை, செதில் அருகே எதுவும் தொங்கவில்லை.

“மருந்து வேண்டாம், தீனியைக் குறை, கண்ணாடியை வாரம் ஒருமுறை துடை” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நான் தவறிய இடம்

பதினொரு நாள் கழித்துத் தம்பி மீண்டும் அழைத்தார். ஒரு நத்தை செத்துவிட்டது. பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அது நான்காவது சாவு. வாங்கும்போது ஒன்பது ட்ரோக்கஸ், இப்போது ஐந்து. “நத்தைதானே டீச்சர் என்று உங்களிடம் சொல்லவில்லை” என்றார். நானும் கேட்கவில்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று தொட்டியைத் துருவிய நான், யார் போயிருக்கிறார்கள் என்று கேட்க மறந்திருந்தேன். இத்தனை ஆண்டு ஆசிரியர் வேலையில் வகுப்பில் முதலில் எடுத்தது வருகைப் பதிவுதான்.

முதலில் தண்ணீரைச் சந்தேகித்தேன். அவர் வைத்திருந்த முள் போட்ட அடர்த்திமானி 1.024 காட்டியது, என் ஒளிவிலகல்மானி 1.027 காட்டியது. முள்ளில் உப்புக் காய்ந்து ஒட்டியிருந்ததால் கனம் ஏறி, குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. இவர் அதை நம்பி உப்பைக் கூட்டியிருக்கிறார். திருத்த வேண்டிய பிழைதான். ஆனால் அந்த அளவு நத்தையைக் கொல்லாது. பவளங்கள் விரிந்து நன்றாகவே இருந்தன. பட்டினியா என்றால், கண்ணாடியில் இன்னும் பாசி இருந்தது. அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் 10.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். ஒரு ட்ரோக்கஸ் மணலில் மல்லாந்து கிடந்தது. கடை நத்தைகளில் சில வகைகள் கவிழ்ந்தால் எழ முடியாமல் அப்படியே செத்துப்போகும். ட்ரோக்கஸ் அப்படி அல்ல. பாதத்தை நீட்டித் தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும். அது மல்லாந்தே கிடக்கிறது என்றால் தெம்பு இல்லை என்று அர்த்தம். எடுத்துப் பார்த்தேன். ஓட்டில் ஒன்றும் இல்லை. நல்ல வெளிச்சம், பிற்பகல் மூன்று மணி, லென்ஸ் கையில். ஒன்றுமே இல்லை.

தம்பியின் அம்மா அதுவரை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் விடிகாலை ஆள்கணக்குக்கு, எழுந்து எழுந்து, இன்றும் நாலரைக்குமேல் படுக்கையில் இருக்க முடியாதவர். 1982 ஜனவரியில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளிய கதையை இன்னும் ஒரு குறையாகச் சொல்வார். பால் இறங்கும் நேரத்தை எந்த அரசாங்கமும் மாற்ற முடியாது என்பது அவர் கட்சி.

“டீச்சரம்மா, நீங்கள் இப்போது பார்த்தால் எப்படித் தெரியும்? விடிகாலையில் அந்த நத்தை கண்ணாடியில் ஏறி நிற்கும். ஓரமெல்லாம் குருணை ஒட்டியதுபோல் இருக்கும். விளக்கு எரிந்ததும் குருணையைக் காணோம்.”

“எத்தனை நாளாக அக்கா பார்க்கிறீர்கள்?”

“வந்த நாள் முதலாய்த்தான். நத்தை என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.”

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய சாட்சி அவர்தான்; தேநீரை வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஐந்து மணிப் பரிசோதனை

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி. நம் ஊரில் ஏழு மணிக்குத்தான் விடிகிறது, ஆகவே கும்மிருட்டு. டார்ச்சின் முகத்தில் தீபாவளிப் பலகாரக் கூடையைச் சுற்றிவந்த சிவப்புச் செல்லோபன் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தேன். கடல்நீரில் சிவப்பு வெளிச்சம் சீக்கிரம் மங்கிவிடும். அதனால் அங்கே வாழும் சிற்றுயிர்கள் பலவற்றின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகப் படாது. வெள்ளை வெளிச்சம் அடித்தால் ஓடி ஒளிகிறவை, சிவப்பில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

முன்கண்ணாடியில் இரண்டு ட்ரோக்கஸ் ஏறியிருந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கும்போது அவற்றின் பாதமும் ஓட்டின் விளிம்பும் அப்படியே தெரியும். ஆராய்ச்சிக்கென்று யாரோ தூக்கிப் பிடித்துக் காட்டியதுபோல. விளிம்பைச் சுற்றிக் குருணை. பல்வரிசை மாதிரி. எண்ணினேன், ஒன்றில் பதினான்கு, மற்றதில் பதினொன்று. லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். ஒவ்வொரு குருணையும் ஒரு கூம்பு. ஒவ்வொரு கூம்பின் வாய்ப்பக்கத்திலிருந்தும் நூல்போன்ற துதிக்கை ஒன்று நீண்டு, ட்ரோக்கஸின் சதைக்குள் போயிருந்தது. சில துதிக்கைகள் மெல்லத் துடித்தன. உறிஞ்சுகிற துடிப்பு.

மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை, சிப்பி. நத்தை ஆற்றின் பெயர் வைத்த ஊரில், நத்தையை நத்தை குடித்துக்கொண்டிருந்தது.

பைரமிடெல்லிட் என்ற குடும்பம் இது. ஆயிரக்கணக்கான இனங்கள் கொண்டது. பெரும்பாலானவை இப்படி அரிசியளவு, அதற்கும் கீழே. மற்ற நத்தைகளுக்கு இருக்கும் அரம்போன்ற நாக்கு இவற்றுக்குக் கிடையாது. பாசியைச் சுரண்ட வழியில்லை. அதற்குப் பதிலாக நீளும் துதிக்கை, அதன் நுனியில் குத்துமுள், உள்ளே உறிஞ்சும் பம்பு. சில இனங்கள் சிப்பியையும் நத்தையையும் குடிக்கும், சில குழாய்ப் புழுவைக் குடிக்கும். பகலில் இறங்கி மணலுக்குள்ளோ பாறையடியிலோ ஒதுங்கிவிடும். அதனால்தான் மூன்று மணிக்கு என் லென்ஸில் ஒன்றுமே சிக்கவில்லை.

ஒன்றிரண்டு குடித்தால் பெரிய நத்தை தாங்கிக்கொள்ளும். கடலில் அப்படித்தான் நடக்கிறது. பெருகும் அளவுக்கு அவற்றைத் தின்ன அங்கே ஆள் உண்டு. 150 லிட்டரில் தின்ன ஆள் இல்லை, குடிக்கப்படும் நத்தைக்குத் தப்பிப் போக இடமும் இல்லை.

ஒட்டாத இன்னொரு நத்தை

கூம்பைப் பார்த்ததும் தம்பிக்கு ஆத்திரம். இடுக்கியை எடுத்துப் பாறைமேல் கண்ணில் பட்ட சின்ன நத்தையை எல்லாம் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிய கிண்ணத்தை வாங்கிப் பார்த்தேன். பாதிக்குமேல் நிரபராதிகள்.

கொலோனிஸ்டா என்று ஒரு குட்டி நத்தை உண்டு. வளர்ந்தாலும் நாலைந்து மில்லிமீட்டர்தான். இரவில்தான் வெளியே வரும். இந்த இரண்டு பொருத்தம் போதும், பைரமிடெல்லிட் என்று பழிபோட்டுக் கொல்ல. ஆனால் கொலோனிஸ்டா குள்ளமான உருண்டை, பட்டாணியை லேசாக அமுக்கியதுபோல. ஓட்டில் பழுப்பு, சிவப்புத் திட்டுகள் இருக்கும். பாறையிலும் கண்ணாடியிலும் படலத்தைச் சுரண்டித் தின்னும். நாம் காசு கொடுத்து வாங்கும் பெரிய நத்தைகள் செய்யும் வேலையைக் கூலியில்லாமல் செய்வது. இன்னொரு நத்தையின் ஓட்டு விளிம்பில் வரிசை கட்டி நிற்காது.

சந்தேகத்துக்கு இடமின்றி முடிக்க, ஒரு கூம்பை என் வீட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். ஓய்வுபெற்ற ஆண்டில் எனக்கென்று நானே வாங்கிக்கொண்ட கருவி அது. பிள்ளைகள் கை படாமல் கொஞ்ச நாள் வைத்திருக்கும் ஆசை. 40 மடங்கில் கூம்பு ஒரு கோயில் கோபுரம்போல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. பார்க்க வேண்டிய இடம் உச்சி. மற்ற நத்தைகள் பெரும்பாலானவற்றில் அடியிலிருந்து நுனிவரை சுருள் ஒரே அச்சில் ஏறும். பைரமிடெல்லிட் குடும்பத்தில் குஞ்சாக நீந்தித் திரிந்தபோது கட்டிய ஓடு ஓர் அச்சில் சுற்றும், தரைக்கு வந்தபின் கட்டிய ஓடு வேறு அச்சில் சுற்றும். கோபுரத்தின் கலசம் மட்டும் காற்றில் சாய்ந்துவிட்டதுபோல் இருக்கும். இருந்தது. உயிரோடு இருந்த இன்னொன்று கரண்டியில் தலையை நீட்டியபோது, முயல் காதுபோல் தட்டையான இரண்டு உணர்கொம்புகளும், அவற்றின் உட்புற அடியில் இரண்டு கருப்புக் கண்களும் தெரிந்தன. நிழற்படத்தைப் பார்த்து “இதுபோல் இருக்கிறதே” என்று சொல்வது வேறு, சாய்ந்த கலசத்தைப் பார்ப்பது வேறு.

இனப்பெயர் வரை போகவில்லை. வைத்தியத்துக்குக் குடும்பப் பெயரே போதுமானது.

வைத்தியம்

மருந்து கிடையாது. நத்தையைக் கொல்லும் மருந்து எதுவானாலும் அது எந்த நத்தை என்று பார்த்துக் கொல்லாது.

ஆறுவரி ராஸ் என்ற சின்ன மீன் இவற்றைப் பொறுக்கித் தின்னும் என்பது சரிதான். தம்பிக்கு அந்த வழி பிடித்திருந்தது; மீன் வாங்க ஒரு சாக்கு. நான் மறுத்தேன். வளர்ந்ததும் அது மற்ற சின்ன மீன்களைத் துரத்தும் குணமுள்ளது. கோப்பிபாட்டுகளையும் சேர்த்தே தின்றுவிடும். முக்கியமாக, அது பகலில் வேட்டையாடி இரவில் தூங்குகிற மீன். நம் குருணைகள் வேலைக்கு வரும் நேரத்தில் காவலாளி உறக்கத்தில் இருப்பார்.

ஐந்து ட்ரோக்கஸையும் தொட்டியிலிருந்து எடுத்தோம். தொட்டித் தண்ணீரையே கிண்ணத்தில் எடுத்து, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால் ஓட்டு விளிம்பு, சுருள் பள்ளம், வாய்மூடியின் ஓரம் எல்லாம் தேய்த்தோம். கிண்ணத்தில் விழுந்ததை எண்ணி, கொதிநீரில் கொட்டினோம். சுத்தமான நத்தைகளை 20 லிட்டர் வாளியில், புதிதாகக் கரைத்த உப்புநீரில் விட்டோம். பஞ்சு வடிகட்டி ஒன்று காற்றுக்கு. தீனிக்கு, ரப்பர் வளையத்தால் கூழாங்கல்லில் கட்டிய காய்ந்த கடற்பாசித் தாள். தொட்டியிலிருந்து பாசி படிந்த கல்லை எடுத்துப் போட்டால் நத்தைகளுக்குப் பிடிக்கும்; கூடவே குருணையும் வந்து சேரும் என்பதால் வேண்டாம் என்றேன்.

தேய்க்கும் வேலையைத் தம்பியின் அம்மா ஏற்றுக்கொண்டார். மகன் இரவு வேலைக்குப் போகும் வாரங்களில் வேறு ஆளும் இல்லை. பழைய நாட்குறிப்பு ஒன்றில் தோட்டத்தில் செக்குரோல் (வருகைப் பதிவேடு) போடுவதுபோல் கட்டம் கிழித்து, தேதிக்குத் தேதி எண்ணிக்கை எழுதினார். முதல் நாள் 63. மூன்றாம் நாள் 22. ஐந்தாம் நாள் 17. பிறகு 9. பிறகு 4. அடுத்த முறை 6.

4க்குப் பிறகு ஏன் 6? தேய்ப்பதில் குறை என்று நினைத்து அவர் வருத்தப்பட்டார். நேரில் போய் நத்தையைத் திருப்பிப் பார்த்தேன். ஓட்டின் சுருள் இணைப்பில், பள்ளத்துக்குள், கண்ணாடிபோல் தெளிந்த ஜவ்வுப் பொட்டு ஒன்று. லென்ஸில் பார்த்தால் உள்ளே புள்ளி புள்ளியாக முட்டைகள். குடிக்கிற நத்தையின் முதுகிலேயே முட்டையிட்டு வைத்திருக்கின்றன. பொரித்து வருகிறவை சாப்பாடு தேடி அலைய வேண்டாம் பாருங்கள். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாய் இரண்டுமாக இருக்கிற பிராணி என்பதால், இரண்டு எஞ்சினாலே போதும், எந்த இரண்டானாலும். பல்துலக்கி ஜவ்வின்மேல் வழுக்கிவிடுகிறது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினால் வருகிறது. அன்றிலிருந்து அவர் நகம் வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

1. 0. 0. 1. 0. 0. 0.

வாளியில் எட்டு வாரம் வைத்திருந்தோம். ட்ரோக்கஸ் இல்லாத பெரிய தொட்டியில் குருணைகள் குடிக்க ஆளின்றிக் காய வேண்டும் என்பது கணக்கு. குழாய்ப் புழுவைக் குடிக்கும் இனமாக இருந்தால் அந்தக் கணக்கு தப்பும். அதையும் சோதித்தோம்: ஆறாவது வாரம், ஒரே ஒரு ட்ரோக்கஸைத் தூண்டில் இரையாகத் தொட்டியில் விட்டு, மூன்று இரவுகள் சிவப்பு விளக்கில் விளிம்பை எண்ணினோம். மூன்று இரவும் வெறுமை. அதன்பிறகும் இரண்டு வாரம் நான் பிடிவாதமாகத் தள்ளிப்போட்டேன்.

இடையில் கொடுத்த விலையும் உண்டு. பாசி தின்ன ஆளில்லாமல் முன்கண்ணாடி பச்சை பிடித்தது; மல்லாந்து கிடந்த அந்த நத்தை இரண்டாம் வாரம் வாளியிலேயே செத்துப்போனது. கண்ணாடியைச் சுரண்டும்போது பொத்தான் பவளத்தில் வெறுங்கை படக்கூடாது என்று தம்பியைக் கண்டித்துச் சொல்ல வேண்டியிருந்தது. சில பொத்தான் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, கையில் ஒரு கீறல் இருந்தாலும் ஆபத்து.

பிறகு

நான்கு ட்ரோக்கஸ் தொட்டிக்குத் திரும்பின. கண்ணாடி ஒரு வாரத்தில் தெளிந்தது. கோப்பிபாட் கூட்டம் அதற்கு முன்பே பாதியாகக் குறைந்திருந்தது. தீனியைக் குறைத்ததும் தானாக வடிந்துவிட்டது. ஸ்பைரோர்பிட் சுருள்கள் இன்னும் கண்ணாடியில் இருக்கின்றன, அவற்றை நாங்கள் தொடவில்லை. புதிதாக எந்த நத்தை வாங்கினாலும் இரண்டு வாரம் வாளியில் வைத்து, விடியற்காலையில் ஒருமுறையாவது விளிம்பு பார்த்த பிறகே தொட்டிக்குள் விடுவது என்று முடிவு. செம்பு மருந்துப் புட்டி திறக்கப்படாமல் மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறது. திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

தம்பியின் அம்மா எண்ணிக்கையை நிறுத்தவில்லை. நான்கு நத்தைகள் திரும்பிய மூன்றாவது வாரம் வழக்கம்போல் ஒன்றைக் கிண்ணத்தில் எடுத்துத் தேய்த்திருக்கிறார். ஐந்தரைக்கு எனக்குத் தொலைபேசி. குரலில் பதற்றம்.

“ஒன்று விழுந்திருக்கிறது டீச்சரம்மா. வெள்ளை. ஆனால் நகரவில்லை.”

கிண்ணத்தை அப்படியே மூடி வைக்கச் சொன்னேன். ஏழரைக்குப் போய்க் கரண்டியில் எடுத்து, வரைபடத்தாள்மேல் வைத்து, லென்ஸைக் கண்ணில் பொருத்தினேன். மூன்று கட்ட நீளம். சுருள் இல்லை. ஒரு முனை உடைந்திருந்தது.

“அக்கா, காலையில் என்ன சமையல்?”

“இட்லிக்குத்தான். அரிசி ஊறவைத்துவிட்டு வந்து நத்தையை எடுத்தேன்” என்றார். சொல்லிவிட்டு என் கையிலிருந்த லென்ஸை வாங்கி, தானும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, நாட்குறிப்பில் எழுதியிருந்த 1ஐ அடித்துவிட்டு 0 போட்டார்.